புகார் தெரிவிக்க வேண்டியவர்

ஜூலை 3, வியாழன்

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக ஆபீஸ் இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று எழுதத் தொடங்குவதற்குக் காரணம் டாக்டர். எனக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. "ஒரேயடியா விட முடியலன்னா, குடிக்கிற ஒவ்வொரு சிகரெட்டையும் அன்னன்னைக்கு எழுதி வைங்க. எழுத வெக்கப்பட்டே குறைஞ்சிரும்" என்றார்.

டைரியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. செண்பகத்தைப் பொறுத்தவரை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சிகரெட்டை விட்டவன். அவளுக்கு இளைப்பு உண்டு. புகை வாடை பட்டாலே மூச்சு வாங்கும். பாளையங்கோட்டை முழுக்க அவள் சொல்லி வைத்திருக்கிறாள், "எங்க வீட்டுக்காரர் மாதிரி மனசுறுதி யாருக்கு வரும்" என்று.

இன்று காலை வளாகத்துக்குச் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான அம்மா, கையில் குடை. வண்ணார்பேட்டையில் இந்தப் பால்வண்ணன் வளாகத்துக்கு நான் பத்தொன்பது வருஷமாக மேலாளர். நாலு மாடி, மூன்று வாசல். ரோட்டுப் பக்கம் ஒன்று, வண்டி நிறுத்தும் பக்கம் ஒன்று, ஜெனரேட்டரை ஒட்டிப் பின்னால் ஒன்று. மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "புகை பிடிக்கக் கூடாதுன்னு ஒரு பலகைகூட இல்லையே சார்?" என்று கேட்டார்.

"அடிக்கக் குடுத்திருக்கோம் மேடம்" என்றேன். கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் இரண்டடிக்கு ஓரடி வெள்ளைப் பலகை, அதில் எச்சரிக்கை, அடியில் யாரிடம் புகார் சொல்ல வேண்டுமோ அவர் பெயரும் போன் நம்பரும். இதெல்லாம் சட்டமாம். இருபத்தைந்தாம் தேதி மறுபடி வருவாராம்.

காலையில் டீக்கடையில் ஒன்று. அந்த அம்மா போனதும் பின்வாசலில் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. சாயங்காலம் பற்றவைத்தது பாதியிலேயே அணைந்துவிட்டது. அதை எண்ண வேண்டியதில்லை.

இன்று: மூன்று.

ஜூலை 5, சனி

முதலாளியிடம் பலகை விஷயத்தைச் சொன்னேன். பால்வண்ணனுக்கு என் வயதில் முக்கால்வாசிகூட இருக்காது, ஆனாலும் மரியாதையான பிள்ளை. "பேரு போடணும்னா உங்க பேரைப் போடுங்க அண்ணாச்சி. உங்களை விட்டா வேற யாரு? சிகரெட்டை விட்ட மனுஷன் வேற" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை.

ஃப்ளெக்ஸ் கடை இசக்கிராஜிடம் வாசகத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "போட்டோ எங்க அண்ணாச்சி?" என்றான்.

"எதுக்குடே போட்டோ?"

"போட்டோ இல்லாம இந்த ஊர்ல ஒரு ஃப்ளெக்ஸ் நான் அடிச்சதில்ல. காதுகுத்துக்கும் போட்டோ, கருமாதிக்கும் போட்டோ. வெறும் எழுத்த எவன் படிப்பான்? நீங்க விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போல.

இன்று: இரண்டு.

ஜூலை 7, திங்கள்

பலகைகள் வந்துவிட்டன. மூன்றிலும் நான். என் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம். இசக்கிராஜ் முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். கைகூப்பிச் சிரிக்கிறேன். 'இங்கு புகை பிடிப்பது குற்றம்' என்று சிவப்பில் எழுதி, கீழே 'புகார் தெரிவிக்க வேண்டியவர்: திரு. கோமதிநாயகம், மேலாளர்' என்று போட்டு, ஓட்டுக் கேட்க வந்தவன்போல என்னை நிறுத்தியிருக்கிறான். முதலாளி பார்த்துவிட்டு, "பிரமாதம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வாட்ச்மேன் யேசடியான்தான் ஏணி போட்டுக் கட்டினார். அவருக்கு அறுபத்தொன்று. செக்யூரிட்டி ஏஜென்சியில் இப்போது அறுபது தாண்டினால் எடுப்பதில்லை. ஒன்பது வருஷமாக இங்கேயே இருப்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு வாசலிலும் அவரே இடம் பார்த்துக் கட்டிவிட்டார். பின்வாசலுக்கு வந்ததும் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்க எந்த இடத்துல கட்டட்டும் சார்?"

"எங்கயாவது கட்டும்."

"நீங்களே சொல்லிருங்க சார்."

ஜெனரேட்டருக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். அங்கேதான் எல்லார் கண்ணிலும் படும். நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் மேலே என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் செண்பகம் பலகையைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்து அவள் அக்கா தங்கச்சிகளுக்கு அனுப்பினாள். வாயில் ஏலக்காய் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

இன்று: இரண்டு. படம் எடுத்த பிறகு பிடித்தது படபடப்பில் பிடித்தது. அது வேறு.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஒன்று.

ஜூலை 11, வெள்ளி

பலகை நம்பருக்கு முதல் போன் வந்தது. ஸ்கேன் சென்டருக்கு வந்த ஒரு பெண். மாசமாக இருக்கிறாளாம். பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சிகரெட் வாடை வந்து குமட்டிவிட்டதாம். "போர்டுல இருக்கிற சார்தானே பேசுதிய? அங்க யாரோ குடிக்காங்க சார். இப்பதான் குடிச்சிட்டுப் போயிருக்காங்க."

"கட்டாயம் நடவடிக்கை எடுக்கிறேம்மா" என்றேன். போனைப் பிடித்திருந்த விரலில் அதே வாடை இருந்தது. போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்குத் தெரியவா போகிறது? இருந்தும் மாற்றினேன்.

சாயங்காலத்துக்குள் டியூஷன் சென்டரிலிருந்தும் ஒரு புகார். இது முதலாளி காதுக்கும் போய்விட்டது. "இருபத்தஞ்சாம் தேதி அந்தம்மா வரதுக்குள்ள ஆளப் பிடிச்சிரணும் அண்ணாச்சி" என்கிறார்.

பிடிக்க வேண்டும்தான்.

இன்று: ஒன்று என்று எழுதினால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

ஜூலை 14, திங்கள்

முதலாளி ஏதோ சாவியைத் தேடி வாட்ச்மேன் கூண்டுக்குள் போயிருக்கிறார். பெஞ்சுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் நிறைய சிகரெட் துண்டுகள். அதை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"வாட்ச்மேனுக்கு ஃபில்டர் சிகரெட் கேக்குதோ? பாத்தியளா அண்ணாச்சி, வேலியே பயிர மேஞ்சிருக்கு."

டப்பாவுக்குள் பார்த்தேன். எல்லாம் ஒரே பிராண்டு. நான் கடைசி வரை உறிஞ்ச மாட்டேன். கால்வாசி மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுவேன். டப்பாவில் இருந்த எல்லாத் துண்டும் கால்வாசி மிச்சம்.

"விசாரிப்போம்" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டுவிடலாம். டாக்டர் சிகரெட்டைத்தான் எழுதச் சொன்னார்.

காலை பத்து மணிக்கு முதலாளி எல்லாரையும் வாசல் பிள்ளையார் முன்னால் வரச் சொன்னார். நான், யேசடியான், லிஃப்ட் பார்க்கிறவர், எலெக்ட்ரீஷியன், பெருக்குகிற மாடத்தி. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"நான் போலீஸ் கீலீஸுன்னு போவ மாட்டேன். பின்வாசல்ல சிகரெட் குடிச்சது நானில்லன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கட்டடத்துல இதுதான் கோர்ட்டு. அண்ணாச்சி, போர்டுல இருக்கது நீங்க. நீங்களே தொடங்கி வைங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் நிற்பவனுக்கு யோசிக்க நேரமில்லை. இப்படி எழுதுவதுகூட ஒரு சாக்குத்தான், நேரம் இருந்தது. சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். "நானில்ல" என்றேன். சட்டென்று அணைத்தால் கை சுடாது. சுடவில்லை.

புதிதாகச் சூடம் வைத்தார்கள். ஒவ்வொருவராக அணைத்தார்கள். மாடத்தி, "என் பிள்ளைகமேல சத்தியமா" என்று கூடுதலாகவே சொல்லி அணைத்தாள். கடைசியில் யேசடியான். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாங்க சத்தியம் பண்ணுத வழக்கமில்ல முதலாளி. இல்லன்னா இல்லதான்."

"பிள்ளையார் வேண்டாம்னா உம்ம சாமி பேர்ல பண்ணும்."

"எந்த சாமி பேர்லயும் பண்ணக் கூடாதுங்கறதுதான் எங்க வழக்கம். நான் குடிக்கல. ஒம்போது வருசத்துல என் வாயில ஒரு பொய் வந்திருந்தா சொல்லுங்க."

"அப்ப அந்த டப்பா?"

"என்னுதுதான்."

"உள்ள இருக்கது?"

"நான் குடிச்சதில்ல."

"பின்ன யாரு குடிச்சதுவே?"

"குடிச்சவங்க சொல்லட்டும் முதலாளி. நான் சொல்ல மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. எலெக்ட்ரீஷியன் சிரித்தார். குற்றமில்லாதவனுக்குச் சூடம் அணைக்க என்ன பயம் என்று மாடத்தி சத்தமாகவே கேட்டாள். முதலாளி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார்.

ஏஜென்சிக்குக் கடிதம் எழுதுவது மேலாளர் வேலை. 'புகை பிடித்தது ஆதாரத்துடன் தெரியவந்ததால்' என்று எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

ஜூலை 16, புதன்

எழுத ஒன்றுமில்லை. இரண்டு.

ஜூலை 18, வெள்ளி

புது வாட்ச்மேன் வந்துவிட்டான். முப்பது வயது. காதில் ஒயர் மாட்டிக்கொண்டே சல்யூட் அடிக்கிறான்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது செண்பகம் பேச்சை எடுத்தாள். "யேசடியானா இப்படி? உங்க படத்துக்குக் கீழயே நின்னு குடிச்சிருக்காரே, எம்புட்டு நெஞ்சழுத்தம் இருக்கணும்!"

தண்ணீர் குடித்தேன்.

"இன்னைக்கு மார்க்கெட் பஸ்ஸுல அவரு பொஞ்சாதி மேரியப் பாத்தேன். என்னப் பாத்துச் சிரிச்சா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பின்ன என்ன, உங்க பேரக் கெடுக்கப் பாத்த ஆளு!"

ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள். சாப்பிட்டேன்.

மூன்று. ஆறு. எதை எழுதினால் என்ன?

ஜூலை 20, ஞாயிறு

அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும் நேரமாகப் பார்த்து யேசடியான் வீட்டுக்குப் போனேன். ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். மேரியம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். காப்பி வரவில்லை. வருமென்று நான் எதிர்பார்த்ததே வெட்கக்கேடு.

"உமக்குத் தெரியும்லா?" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்ப இருந்து?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரத்துல இருந்து. மாடத்தி கூட்டும்போது பாத்தா ஊரெல்லாம் சொல்லிருவா. வீட்டுல அம்மா காதுக்குப் போவும். அதான் அவ வரதுக்கு முன்ன பொறுக்கி டப்பாவுல போட்டுட்டு, வாரத்துக்கு ஒருக்கா தூரக் கொண்டுபோய்க் கொட்டுவேன்."

"ஏம்வே சொல்லல? முதலாளி கேட்டப்பவாவது?"

"நீங்க விட்டுருவியன்னு நெனச்சேன் சார். நாள் தவறாம எண்ணிப் பாப்பேன். போன மாசம் நல்லாக் கொறஞ்சுது. எம்பொஞ்சாதிகிட்டகூட சொன்னேன், சார் ஜெயிச்சிருவாருன்னு. போர்டு வச்சப்புறம்தான் கூடிப்போச்சு. ஒரு நாள் ஏழு கெடந்துது."

அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். இந்த டைரியில் அந்த நாளுக்கு நேராக இரண்டு என்று எழுதியிருக்கிறது.

மன்னிக்கச் சொன்னேன். "மன்னிக்கதுல என்ன சார் இருக்கு, மன்னிச்சாச்சு. மூணு ஏஜென்சியில கேட்டுட்டேன். வயச கேட்டதும் போவச் சொல்லிட்டான். நீங்க எங்கிட்ட வந்து சொல்லுததுல எனக்கு என்ன ஆவும்? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க."

ஜூலை 22, செவ்வாய்

சொன்னேன். முதலாளியின் அறையில், கதவைச் சாத்திவிட்டு. வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போகட்டும் என்றுதான் போனேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களா? அடப் பாவமே! சூடத்தையும்லா அணைச்சிய! சரி விடுங்க அண்ணாச்சி, எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும். பிள்ளையாருக்கு ஒரு செதறுதேங்கா போட்டுருங்க, சரியாப் போவும்."

"யேசடியான்?"

"வேற ஆள் வந்தாச்சே. வயசும் ஆச்சு. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு அனுப்ப வேண்டிய ஆளுதானே?"

பொய்ச் சத்தியம் செய்த எனக்கு ஒரு தேங்காய். பொய் சொல்லாத அவருக்கு வேலை இல்லை. இதற்கு முதலாளி என்னைத் திட்டியிருக்கலாம்.

தேங்காய் வாங்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

பதினொன்றரைக்கு ஆய்வாளரம்மா வந்தார். அதே குடை. மூன்று பலகையையும் பார்த்தார். என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்வாசலில் முதலாளி, மாடத்தி, எலெக்ட்ரீஷியன், ஸ்கேனுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"புகார் எதுவும் வந்துதா சார்?"

"ரெண்டு வந்தது மேடம்."

"யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

முதலாளி முந்திக்கொண்டு, "வாட்ச்மேன் மேடம், நிப்பாட்டியாச்சு" என்றார்.

"இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்ல மேடம். நான்தான். ரெண்டு புகாரும் என் மேலதான் வந்தது. நானே வாங்கி வச்சுக்கிட்டேன். பிள்ளையார் முன்னால பொய்ச் சத்தியமும் நான்தான் பண்ணினேன். அந்த மனுஷன் ஒரு பீடிகூடத் தொட்டதில்ல."

மாடத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பெஞ்சிலிருந்த ஒரு பெண் பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போன் செய்தவள் இவளாக இருக்குமோ? தலையைத் தூக்க முடியவில்லை. மேலே என் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளரம்மா பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து அபராதம் எழுதினார். கிழித்துக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார். "குடிக்கிறவரே புகார் வாங்கக் கூடாது. திங்கட்கிழமைக்குள்ள வேற பேர் போடுங்க. யார் பேரு?"

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் நழுவினார்.

"அன்னைக்கு அஞ்சு பேரு நின்னோம்" என்றேன். "சூடம் அணைக்காம, கையக் கட்டிக்கிட்டு உள்ளதச் சொன்னது ஒருத்தர்தான். அவரு பேரைப் போடுங்க. அவரைத் திரும்ப எடுக்க முடியாதுன்னா என் வேலைக்கும் ஆள் பாத்துக்கிடுங்க முதலாளி."

"யாரு அவரு?" என்று ஆய்வாளரம்மா பேனாவைத் திறந்தார். பெயரைச் சொன்னேன். அந்த அம்மா முன்னால் முடியாது என்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. ஆய்வாளரம்மா யேசடியான் என்று எழுதிக்கொண்டார்.

மத்தியானமே வீட்டுக்குப் போய் ரசீதைச் செண்பகத்திடம் கொடுத்தேன். இந்த டைரியையும் கொடுத்தேன். ரசீதை இரண்டு தடவை படித்தாள். டைரியை முழுக்கப் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"அந்த மேரி என்னப் பாத்துச் சிரிச்சாளே" என்றாள். "எல்லாம் தெரிஞ்சும்லா சிரிச்சிருக்கா. நான் மூஞ்சியத் திருப்பினேனே!"

பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாங்கிய அபராதம் எனக்கு. அவளுக்கு ஏன் இது?

ஜூலை 28, திங்கள்

யேசடியான் வந்துவிட்டார். ஏஜென்சி வழியாக இல்லை, வளாகத்தின் சொந்த ஆளாக. முதலாளி இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை. சனிக்கிழமை செண்பகம் அந்தச் சந்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுப் பலகைக்கு இசக்கிராஜ் போட்டோ கேட்டான். "மூஞ்சி எதுக்குப்பா, நம்பர் சரியா இருந்தாப் போதும்" என்று யேசடியான் சொல்லிவிட்டார். என் படங்களை நானே ஏணியில் ஏறி அவிழ்த்தேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் சொன்னார், "சார், இனிமே நான் பொறுக்க மாட்டேன். பாத்தா எழுதிருவேன்."

"எழுதும்" என்றேன்.

இன்று: இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்பது நாள் இல்லை, இல்லை என்று எழுதிவந்தேன். அது மெய். இன்று லிஃப்ட் கம்பெனிக்காரனோடு பெரிய சண்டை. சாப்பாட்டுக்குப் பிறகு கால் தானாக டீக்கடைக்குப் போய், அங்கிருந்து பின்வாசலுக்கு வந்துவிட்டது. கால்வாசி மிச்சம் இருக்கும்போது அணைத்தேன். நிமிர்ந்தால் யேசடியான். ஒரு கையில் புகார் ரெஜிஸ்டர், மறு கையில் அந்த டப்பா.

"பேரு சொல்லுங்க சார்."

"உமக்குத் தெரியாதா?"

"தெரியும். சொல்லித்தான் எழுதணும்."

பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி என் பெயரைச் சொன்னேன். முதல் பக்கம், முதல் வரி. தேதி, நேரம், இடம் எல்லாம் அவர் நிதானமாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு டப்பாவைத் திறந்து நீட்டினார். குனிந்து என் துண்டை நானே பொறுக்கி உள்ளே போட்டேன். கழுவிக் காயவைத்த டப்பா. அதில் அது ஒன்றுதான் கிடந்தது.

இப்போதெல்லாம் டைரியை வீட்டில்தான் எழுதுகிறேன். செண்பகம் எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள். "எத்தனை?" என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்கிறாள்.

இன்று: ஒன்று.